மூச்சுக்கு விட்ட கிளை

தேயிலையைக் கவ்வாத்து வெட்டுகிறவர்களில் இரண்டு ரகம் உண்டு. எப்போது முடியும், எப்போது லயத்து வீட்டுக்கு ஓடலாம் என்று வெட்டுகிறவர்கள் ஒரு ரகம். அவர்கள் வெட்டிய மலையைப் பார்த்தால் மாடு புகுந்து மேய்ந்துவிட்டுப் போன மாதிரி இருக்கும். கன்னையா மற்ற ரகம். ஒரு செடிக்கு முன்னால் நின்று, அதைச் சுற்றி ஒரு பார்வை பார்த்து, பிறகுதான் கத்தியை இறக்குவார். வெட்டு சாய்வாக, வழுவழுவென்று, பட்டை கிழியாமல் விழும். றக்வானை மலைப்பக்கம் நாலைந்து தோட்டத்தில் அவர் பெயரைச் சொன்னால் கங்காணிமார் தலையை ஆட்டுவார்கள்.

அந்தக் கத்தியை வேறு யாரும் தொடக்கூடாது. பெண்பிள்ளை கை பட்டால் கூர் போய்விடும் என்று தோட்டத்துக் கவ்வாத்துக்காரர்கள் எல்லோருமே சொல்வார்கள். கவ்வாத்து ஆம்பிளை வேலை, கொழுந்து பறிப்பது பொம்பிளை வேலை. யாரும் எழுதி வைத்த சட்டமில்லை, ஆனால் யாரும் மீறினதுமில்லை. அவர் மனைவி சுப்பம்மா இருபத்து நாலு வருஷமாக அந்தக் கத்தியைப் படுக்கைக்கு மேலே சுவரில் பார்த்துக்கொண்டே படுத்தாள், தொட்டதில்லை. பார்க்கப்போனால் அந்த வீட்டில் அவள் தொடாத சாமான் அது ஒன்றுதான்.

எழுபத்து நாலாம் வருஷம் அது. பாண் ரொட்டிக்கு விடியற்காலையிலேயே வரிசை. அரிசியைக் கண்ணால் பார்ப்பதே அரிது. மரவள்ளிக்கிழங்கைத் தின்று தின்று பிள்ளைகளின் வயிறு முன்னால் தள்ளிக்கொண்டு நின்ற காலம். அந்த வருஷம்தான் தோட்டத்தின் கீழ்ப்பிரிவுக் காணியை அரசாங்கம் எடுத்துச் சுற்றுக் கிராமத்தாருக்குப் பங்குபோட்டுக் கொடுத்தது. பிரிவோடு லயங்களும் போயின. கன்னையாவின் ஒற்றை அறைக் காம்பராவும் அதில் ஒன்று. கூட இருந்த குடும்பங்கள் சட்டி பானையைத் தலையில் வைத்துக்கொண்டு இறங்கிப் போனதைச் சுப்பம்மா பார்த்தாள். அதில் இரண்டு குடும்பம் இன்னும் றக்வானை பஜாரில் பூட்டின கடைகளின் வாசலில் படுத்துக்கொண்டிருந்தது.

அவளுக்கு அந்தக் கதி வராமல் போனதற்கு அவள் புருஷனுடைய கத்திதான் காரணம். பங்களாவில் பூந்தோட்டம் பார்த்த கிழவர் பாஸ்போட் கிடைத்து இந்தியாவுக்குப் போய்விட்டார். தோட்டத்திலேயே நல்ல கத்திக்காரன் யார் என்று துரை கேட்டபோது கன்னையாவின் பெயர் வந்தது. பங்களாத் தோட்டக்காரனுக்குச் சமையல் குசினிக்குப் பின்னால் ஒரு காம்பரா உண்டு. வேலை இருக்கும்வரை அதுவும் உண்டு. கன்னையா, சுப்பம்மா, புருஷன் விட்டுவிட்டுப் போன மகள் சீதாலட்சுமி, அவளுடைய நாலு மாதக் கைக்குழந்தை, எல்லோரும் அந்த ஒற்றைக் காம்பராவுக்குள் ஏறிக்கொண்டார்கள். வேலை போனால் அடுத்த படுக்கை கடைவாசல்தான். இதைச் சுப்பம்மாவுக்கு யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

பங்களாவின் முன்படிக்கட்டுக்கு இரண்டு பக்கமும் நாற்பது ரோஜாச்செடி. எல்லாம் துரையின் சம்சாரத்துடையவை. எல்லோருக்கும் அவர் நோனா. நல்ல மனுஷிதான், ஆனால் ரோஜா விஷயத்தில் நல்ல மனுஷி இல்லை. ஒரு இலையில் கறுப்புப் புள்ளி விழுந்தால் அன்றைக்குக் காலைச் சாப்பாடு இறங்காது. அதிலும் படிக்கட்டுக்கு இடப்பக்கம் முதலாவதாக நிற்கிற பெரிய செடி தனி. நோனா கல்யாணமாகி வந்தபோது அம்மா வீட்டிலிருந்து கொண்டுவந்தது. மூன்று தோட்டம் மாறியும் வேரோடு லொறியில் கூடவே வந்தது. அம்மா செத்து, அந்த வீடும் விலைபோன பிறகு, உலகத்தில் அந்த ரோஜா அங்கே மட்டும்தான் இருக்கிறது என்று நோனா சொல்வார். கறுப்பு என்றே சொல்லலாம், அப்படி ஒரு சிவப்பு. அது பூத்தால் குசினிவரை வாசம் வரும். வேலைக்காரர்களுக்கு அது ‘அம்மா வீட்டு ரோசா’.

புரட்டாசிக் கடைசியில் நோனா கொழும்புக்குப் புறப்பட்டார். மகளுக்குத் தலைப்பிரசவம். காரில் ஏறும்போது கன்னையாவைக் கூப்பிட்டு, ரோஜாவெல்லாம் கவ்வாத்து வெட்டிவிடு, இரண்டு மாதத்தில் வருவேன், வரும்போது பூ இருக்க வேண்டும் என்று அரைகுறைத் தமிழில் சொல்லிவிட்டுப் போனார்.

வேறு யாராவது என்றால் எப்படி வெட்டுவது என்று ஒரு வார்த்தை கேட்டிருப்பார்கள். கன்னையாவிடம் போய்க் கவ்வாத்து என்று சொன்னால் அவர் எதைக் கேட்பார்? மறுநாள் காலையில் பொடிச் சாணைக்கல்லில் கத்தியைத் தீட்டிக்கொண்டு இறங்கினார். மத்தியானத்துக்குள் நாற்பது செடியும் ஒரு சாண் உயரத்துக்கு மட்டமாக நின்றன. அந்தத் தோட்டத்தில் தேயிலைக்கு ஒரு வழக்கம் உண்டு. செடியை முழுக்க மொட்டையடிக்க மாட்டார்கள். நல்ல வாட்டசாட்டமான பச்சைக்கிளை ஒன்றை மட்டும் விட்டுவைப்பார்கள், செடி மூச்சு விடுவதற்கு. புதுத்தளிர் வந்தபின் அதையும் எடுத்துவிடுவார்கள். கன்னையா ரோஜாவுக்கும் அந்த மரியாதையைச் செய்தார். ஒவ்வொரு செடியிலும் இருப்பதற்குள் வாளிப்பான, நெட்டையான, பச்சையான கிளை எதுவென்று தேடிப் பார்த்து அதை விட்டார்.

வெட்டின கிளைகள், அதாவது மிலாறு, பெண்களுக்கு. அதுவும் தோட்டத்து வழக்கம்தான். சுப்பம்மா கூட்டி அள்ளினாள். சுள்ளிகளை அடுப்புக்கு வைத்தாள். அம்மா வீட்டு ரோசாவில் வெட்டினது மட்டும் கட்டைவிரல் தடிப்பு, நேரான தடிகள், நிறைய முள். அதை எரிக்க அவளுக்கு மனம் வரவில்லை. காம்பராவுக்குப் பின்னால் அவள் கையகல மண்ணில் வெங்காயமும் கௌபிப் பயறும் போட்டிருந்தாள். கணக்கப்பிள்ளை நாகலிங்கத்தின் கோழிகள் குவார்ட்டர்ஸிலிருந்து ஏறி வந்து முளையெல்லாம் கிளறிவிட்டுப் போகும். கணக்கப்பிள்ளையின் கோழியைக் கல்லால் அடிக்க முடியுமா? தடிகளை ஒரு முழமாக ஒடித்து, பாத்தியைச் சுற்றி நெருக்கமாகக் குத்தி வேலி கட்டினாள். முள்ளைக் கண்டு கோழிகள் பின்வாங்கின. அவளுக்குப் பரம திருப்தி.

ரோஜாப் பாத்திகளில் செண்டுப்பூ முன்பே இருந்தது. பழைய கிழவர் வைத்தது, வேர்ப்புழுவுக்கு நல்லதென்று. செடிகளை வெட்டியபின் வெறும் மண்ணில் வெயில் விழுந்தது. சுப்பம்மா செண்டுப்பூவுக்கு நடுவே வெங்காயமும் மல்லியும் ஊன்றினாள். பூச்சி அண்டாது என்று கன்னையாவிடம் சொன்னாள். அது உண்மைதான். சாயங்காலம் மரவள்ளிக்குக் கூட வைக்க வெங்காயத்தாள் கிடைக்கும் என்பது அதைவிடப் பெரிய உண்மை.

ஐப்பசி மழை பிடித்துக்கொண்டது. காலையில் வெளிச்சம், மத்தியானத்துக்குமேல் இடியும் மழையும். பத்து நாளில் மூச்சுக்கிளைகள் ஆளுயரம் வளர்ந்தன. கன்னையா இடுப்பில் கைவைத்துக்கொண்டு பார்ப்பார். “பாத்தியா புள்ள, எப்புடித் தள்ளுதுன்னு. தேயிலையா இருந்தா என்னா, ரோசாவா இருந்தா என்னா. கத்திக்குத் தெரியும்.”

ஸைனம்பு வந்த அன்றைக்குத்தான் எல்லாம் திரும்பிற்று. றக்வானை பஜாரிலிருந்து சீத்தைத் துணியும் வளையலும் பொட்டலமாகக் கட்டிக்கொண்டு தோட்டம் தோட்டமாக ஏறுகிறவள். வாங்க யாரிடமும் காசில்லாத அந்த வருஷத்திலும் பழக்கத்தை விடாமல் வருவாள், ஒரு வாய்த் தேத்தண்ணி குடித்துவிட்டுப் போவாள். அவள் வீட்டு முற்றத்தில் அவளே ஒட்டுக்கட்டி வளர்த்த ரோஜா பத்துப் பதினைந்து உண்டு. படிக்கட்டோரம் வந்தவள் நின்றுவிட்டாள். பொட்டலத்தைக் கீழே வைத்துவிட்டு ஒரு இலையைப் பிடித்து எண்ணினாள்.

“சுப்பம்மா, இது யாரு வெட்டின?”

“எங்க வீட்டுக்காரரு. ஏங்க்கா?”

“ஏழு எல ஈக்குது புள்ள. நல்ல ரோசாவுக்கு ஒரு காம்புல அஞ்சு எல தான் வாற. இது அடிக்கட்ட. காட்டுச்செடி. அதுக்கு மேல தான் நல்ல ரோசாவ ஒட்டுறது. ஒட்டு முடிச்சுக்குக் கீழால தள்ளுறதெல்லாம் காடு தான். நல்லத வெட்டிப்போட்டு, காட்ட வளர்த்து வெச்சீக்கிறாரே.”

சுப்பம்மா அவள் கையைப் பிடித்து அடுத்த செடிக்கு இழுத்தாள். நாற்பது செடியையும் ஒன்றொன்றாகப் பார்த்தார்கள். வாளிப்பான கிளை என்று கன்னையா தேடித் தேடி விட்டது பெரும்பாலும் அடிக்கட்டையிலிருந்து கிளம்பினதுதான். ஆனாலும் முப்பத்தொன்பது செடியில் ஒட்டு முடிச்சுக்கு மேலே கொஞ்சமாவது கட்டை மிஞ்சியிருந்தது. காட்டுக்கிளையை அடியோடு பிய்த்தெடுத்தால் மிஞ்சின கட்டை துளிர்க்கும் என்றாள் ஸைனம்பு. கடைசியாக அம்மா வீட்டு ரோசாவுக்கு வந்தார்கள். லொறியில் வந்த கிழட்டுச் செடி, ஒட்டு முடிச்சு முழங்கால் உயரத்தில் இருந்திருக்க வேண்டும். கன்னையாவின் சாண் அளவு அதற்குக் கீழே விழுந்திருந்தது. ஸைனம்பு தேடினாள், தடவினாள், பிறகு சேலைத்தலைப்பில் கையைத் துடைத்துக்கொண்டாள். “இதுல நோனாட ரோசா இல்ல புள்ள. வெட்டிப் போட்டதுல போய்ட்டு.”

கன்னையா கேட்டபோது முதலில் சிரித்தார். பிறகு அவருக்குக் கோபம் வந்தது. துணி விக்கிறவள் வந்து கவ்வாத்து சொல்லிக்கொடுக்கிறாளா, அதைக் கேட்டுக்கொண்டு நீயும் வந்து நிற்கிறாயா என்று கத்தினார். சுப்பம்மா இரண்டு இலையைப் பறித்து வந்து அவர் முன்னால் வைத்தாள். ஒன்றில் ஏழு, இன்னொன்றில் ஐந்து. அவர் மழையில் இறங்கிப்போய், குந்தியிருந்து, விரலால் மண்ணை விலக்கி ஒவ்வொரு அடியாகப் பார்த்தார். இருபத்தாறு வருஷம் செடிகளின் அடியைப் பார்த்த கண். பார்த்ததும் தெரிந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்க்க அவளுக்குத் தைரியமில்லை. அன்றைக்கு அவர் சாப்பிடவில்லை.

அடுத்த நாள் காட்டுக்கிளைகளை எல்லாம் பிய்த்தெடுத்தார். முப்பத்தொன்பதும் மெல்லத் துளிர்த்தன. அம்மா வீட்டு ரோசாவில் மட்டும் கை வைக்கவில்லை. அதையும் எடுத்துவிட்டால் படிக்கட்டோரம் ஒரு பள்ளம்தான் இருக்கும்.

“கறையான் தின்னுருச்சுன்னு சொல்லிருவோம்,” என்றார் மூன்றாம் நாள். “நோனா வர்றதுக்கு மொத நாள் புடுங்கி எரிச்சிட்டா யாருக்குத் தெரியும்?”

“நாகலிங்கம் ஐயாவுக்குத் தெரியும். தெனம் வந்து பாத்துட்டுப் போறாரே, எதுக்குன்னு நெனைக்கிறீங்க?”

நாகலிங்கம் கணக்கப்பிள்ளைக்கு ஒரு மச்சான் இருந்தார். கீழ்ப்பிரிவில் இருந்தவர், இப்போது கணக்கப்பிள்ளை குவார்ட்டர்ஸில்தான் ஏழு உருப்படிகளோடு தங்கியிருந்தார். தன் வீட்டை மீட்க கணக்கப்பிள்ளைக்கு இருந்த ஒரே வழி பங்களாக் காம்பரா. அதனால் அவரைக் கெட்ட மனுஷன் என்றும் சொல்லிவிட முடியாது. அந்த வருஷம் எல்லோருமே அடுத்தவன் காம்பராவைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தார்கள்.

தீபாவளிக்கு ஒரு பலகாரமும் இல்லை. அன்று காலை சுப்பம்மா காம்பராவுக்குப் பின்னால் வெங்காயத்தாள் கிள்ளப் போனாள். வேலித்தடி ஒன்றில் செம்பு நிறத்தில் என்னவோ ஒட்டிக்கொண்டிருந்தது. புழு என்று நினைத்துத் தட்டப் போனவள் கையை இழுத்துக்கொண்டாள். துளிர். குனிந்து வேலியைச் சுற்றி வந்தாள். முள்ளெல்லாம் கீழ்நோக்கி வளைந்திருந்த தடிகள் அங்கங்கே துளிர்த்திருந்தன. அவசரத்தில் தலைகீழாகக் குத்திய தடிகள், முள் மேல்நோக்கி நின்றவை, கறுத்துச் செத்திருந்தன. விரிந்த ஓர் இலையை எண்ணினாள். ஐந்து. மறுபடியும் எண்ணினாள். பிறகு அப்படியே சேற்றில் உட்கார்ந்து அழுதாள். சந்தோஷத்தில்தான், ஆனால் குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டிருந்த சீதாலட்சுமி யாரோ செத்துப்போனார்கள் என்று பயந்து ஓடிவந்தாள்.

அடுத்த நடை வந்த ஸைனம்பு பார்த்துவிட்டு வாயை மூடிக்கொண்டு சிரித்தாள். பிறகு கண்டிப்பாகச் சொன்னாள்: “எல வந்தா வேர் வந்ததுன்னு அர்த்தமில்ல. தடியில ஈக்கிற பாலக் குடிச்சும் துளிர்க்கும், பொறகு ஒரே நாள்ல கருகிப் போவும். வேர் வந்தீக்குதான்னு ஒருக்காலும் இழுத்துப் பாக்காதீங்க. ஆட்டினாலே போச்சு.”

அதற்குப் பிறகு வந்த நாட்கள் சுப்பம்மாவுக்கு நெருப்பில் நின்ற மாதிரி இருந்தன. ஒவ்வொரு காலையும் ஏதாவது ஒரு தடி தலையைத் தொங்கவிட்டிருக்கும். முதலில் நாலு போயிற்று, பிறகு மூன்று. வெயில் ஏறினால் பழைய சாக்கை மேலே பிடிப்பாள். மழை அடித்தால் சாக்கை எடுப்பாள். கன்னையா தூர நின்று பார்ப்பார், கிட்ட வரமாட்டார். தன் நிழல் பட்டாலும் செத்துவிடும் என்று பயந்தாரோ என்னவோ. கார்த்திகை பாதியில் மூன்று தடிதான் மிஞ்சியது. அதில் ஒன்றின் நுனியில் மிளகு அளவு ஒரு மொட்டு கண்டது. படிக்கட்டோரம் காட்டுக்கிளையோ கொத்துக்கொத்தாக வெள்ளைப்பூ பூத்து வெகு சந்தோஷமாக ஆடிக்கொண்டிருந்தது.

நோனா வருவதற்கு முதல்நாள் நாகலிங்கம் கணக்கப்பிள்ளை இரண்டு ஆட்களோடு வந்தார். பங்களா நிலத்தில் கூலியாட்கள் வெங்காயம் போடக் கூடாது, வேலி கட்டவும் கூடாது, நோனா வருமுன் எல்லாம் சுத்தமாக வேண்டும் என்றார். மண்வெட்டியோடு ஒருவன் பின்பக்கப் பாத்தியில் கால் வைத்தான். கன்னையா ஓரமாக ஒதுங்கி நின்றார். சுப்பம்மா வேலிக்கும் மண்வெட்டிக்கும் நடுவில் போய் நின்றாள்.

“வெங்காயத்தப் புடுங்கிக்கங்க ஐயா. கௌபியையும் புடுங்கிக்கங்க. இந்த வேலியில மட்டும் யாரும் கை வைக்கக் கூடாது. இத நோனா கையால புடுங்கட்டும்.”

“வேலிக்கு நோனா வரணுமா? என்னா புள்ள பேசுற?”

“ஆமாங்க ஐயா. வந்து பாத்துட்டு, எங்கள வெரட்டுறதுன்னாலும் நோனாவே வெரட்டட்டும்.”

கணக்கப்பிள்ளை வேலியைப் பார்த்தார். துளிரைப் பார்த்தாரோ இல்லையோ, சொல்ல முடியாது. வெங்காயத்தைப் பிடுங்கச் சொன்னார். ஆட்கள் பிடுங்கினார்கள். குழம்புக்குக் கிடைத்துக்கொண்டிருந்த அந்தக் கொஞ்சமும் சேற்றில் கிடந்தது. இன்னும் ஒரே நாள்தானே என்று சொல்லிவிட்டு அவர் இறங்கிப் போனார். அவர் மறைந்த பிறகுதான் சுப்பம்மா வேலியை விட்டு நகர்ந்தாள்.

மறுநாள் பத்து மணிக்குக் கார் வந்தது. நோனா இறங்கினார், படிக்கட்டைப் பார்த்தார், வெள்ளைப்பூவைப் பார்த்தார். கிட்டப் போய் ஒரு கொத்தைத் தொட்டுப் பார்த்துவிட்டுத் திரும்பினார். கணக்கப்பிள்ளை கைகட்டி நின்றார். கறையான் கதையைக் கன்னையா பத்து நாளாக மனப்பாடம் செய்து வைத்திருந்தது சுப்பம்மாவுக்குத் தெரியும். தோளில் இருந்த துண்டைக் கையில் எடுத்துக்கொண்டு கன்னையா முன்னே வந்தார்.

“நாந்தாங்க நோனா வெட்டுனேன். தேயில மாதிரி நெனைச்சு வெட்டிப்புட்டேன். எனக்குத் தெரியல.”

எனக்குத் தெரியல என்று அந்த மனுஷன் சொல்லி அவள் கேட்டதே இல்லை. நோனாவின் கண் கலங்கிவிட்டது. கோபமா துக்கமா என்று பிரிக்க முடியாத முகம். அம்மா, அம்மா என்று மட்டும் மெதுவாகச் சொன்னார். சுப்பம்மாவுக்கு அதற்குமேல் பொறுக்கவில்லை. சிங்களத்தில், ஒரு தரம் பின்பக்கம் வந்து பாருங்கள் நோனா என்று கூப்பிட்டாள். கேட்டுக் கொண்டுதான் வந்தாரோ, கால் போன போக்கில் வந்தாரோ, நோனா வந்தார். அலங்கோலமாகக் கிடந்த வெங்காயப் பாத்தி, சாக்கு, செத்த தடிகளின் வேலி. மொட்டு அன்றைக்குக் காலையில்தான் வாய் திறந்திருந்தது. சுண்டுவிரல் நகம் அளவு சிவப்பு, கறுப்பென்றே சொல்லலாம்.

பயணத்துச் சேலையோடு நோனா சேற்றில் முழங்கால் போட்டார். மூக்கைக் கிட்டக் கொண்டுபோனார். வெகுநேரம் எழுந்திருக்கவில்லை.

“யார் நட்டது?” என்றார் தமிழில்.

“யாரும் நடலைங்க நோனா,” என்றாள் சுப்பம்மா. பொய் சொல்ல அவளுக்குத் தோன்றவில்லை. “கோழிக்கு வேலி போட்டேன்.”

“யாருடைய கோழி?”

சுப்பம்மா தரையைப் பார்த்தாள். பின்னாலேயே வந்திருந்த கணக்கப்பிள்ளையும் தரையைத்தான் பார்த்தார்.

நோனா எழுந்து, மிஞ்சியிருந்த மூன்று தடியையும் பார்த்தார். எப்படிக் காப்பாற்றினாய், எப்போது துளிர்த்தது, எது ஏன் செத்தது என்று ஒவ்வொன்றாகக் கேட்டார். தலைகீழாக நட்டதையும், இழுத்துப் பார்க்காததையும், சாக்குப் பிடித்ததையும், வெங்காயம் போட்ட காரணம் இரண்டையும் சுப்பம்மா சொன்னாள். கடைசியில் நோனா கணக்கப்பிள்ளையிடம் சொன்னது இதுதான். கன்னையா நாளையிலிருந்து மலைக்குப் போகட்டும். பூந்தோட்டம் இனிச் சுப்பம்மாவுக்கு. காம்பரா தோட்டக்காரிக்கு.

“பொம்பளைக்குக் கவ்வாத்துக் கத்தி குடுக்குற வழக்கமில்லீங்களே நோனா,” என்றார் நாகலிங்கம்.

“அது மலையில. இது என் தோட்டம்.”

காம்பரா நின்றது. சீதாலட்சுமி பிள்ளையைத் தூக்கி நெற்றியில் திருநீறு பூசினாள். சுப்பம்மாவுக்கு மட்டும் சிரிக்கவும் முடியவில்லை, அழவும் முடியவில்லை. கன்னையா அன்று முழுக்கக் கிழங்கை உரித்து வைத்தால் தின்றார், தண்ணீர் வைத்தால் குடித்தார். அவரைப் பிழைக்க வைத்தோமா, கொன்றுவிட்டோமா என்று அவளுக்கே விளங்கவில்லை.

விடிந்ததும் சாணைக்கல் சத்தம் கேட்டு எழுந்தாள். கன்னையா வாசலில் உட்கார்ந்து தண்ணீர் தெளித்துத் தெளித்துக் கத்தியைத் தீட்டிக்கொண்டிருந்தார். மலைக்குத்தான் தீட்டுகிறார் என்று நினைத்து ஒதுங்கினாள். கிட்டப் போனபோது கத்தியின் கைப்பிடியைப் பார்த்தாள். அவர் கைக்குத் தக்க தடிப்பாக இருந்த பிடியைச் சீவி மெலிதாக்கி, பழைய வேட்டிக் கிழிசலை இறுக்கமாகச் சுற்றியிருந்தார். பக்கத்தில் மலைக்கு எடுத்துப்போக ஸ்டோரில் வாங்கிய மொட்டைக் கத்தி ஒன்று கிடந்தது.

வேலைக்கு ஆள் கூட்டும் பெரட்டுக்குத் தப்பு அடிக்கிற சத்தம் மேலே கேட்டது. அவர் தலையைத் தூக்கவில்லை.

“ரோசாவுக்கு எந்த எடத்துல வெட்டு விழணும், எவ்வளவு சாய்வா விழணும்னு சொல்லு புள்ள,” என்றார். “அதுக்குத் தக்கன தீட்டணும். எனக்குத் தெரியல.”

சுப்பம்மா அவருக்கு எதிரே குந்தியிருந்து, முதல் தடவையாக அந்தக் கத்தியின் அலகில் விரலை வைத்துக் காட்டினாள்.